இடுப்பளவு

முஹர்ரக் கடைத்தெருவில் மூன்றாம் சந்து,
எங்கள் தையற்கடை.
வியாழன் சாயங்காலம் மஹ்தி வந்தான், தீயணைப்புக்காரன்.
கையில் சீருடைக் கால்சட்டை,
தோளில் புல்புல்.

கால்சட்டையில் இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டும்:
நோன்பில் இளைத்ததைப் பெருநாளில்
வட்டியோடு வாங்கிக்கொண்டான்.
பறவைக்கு ஒரு புது இடுப்புவார்.

இந்தத் தீவில் இதெல்லாம் வழக்கம்தான்.
டீக்கடைப் பெஞ்சில், டாக்சியின் ஸ்டியரிங் மேல்,
பள்ளி விட்டு வரும் பையனின் ஆட்காட்டி விரலில்
இடுப்பில் நூலோடு ஒரு புல்புல் இருக்கும்.
சந்தையில் விலை பேசுகிறவன்
இறக்கையைப் பார்ப்பதில்லை.
உள்ளங்கையில் பழம் வைத்துக்கொண்டு
வருகிறதா என்று பார்க்கிறான்.

எங்கள் ஊர்ச் சின்னானுக்கு ஒன்றுவிட்ட உறவு.
கொண்டை இல்லை.
கறுத்த தலையின் இரு பக்கமும்
வெட்டுமேசைப் பஞ்சு ஒட்டிக்கொண்டது போல வெள்ளைக் காது.
வாலடியில் ஒரு மஞ்சள்.
நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன்,
அந்த மஞ்சள் எங்களிடம் இல்லை.

பழைய வார் எலாஸ்டிக். இறகை அறுத்திருந்தது.
டேப்பை நீட்டினால் கொத்துகிறது.
தையல்நூலைச் சுற்றி எடுத்து
ஸ்கேலில் வைத்தேன்:
நாலங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

"தீக்குச்சி நுழைய இடம் விடு"
என்றார் கட்டிங் மாஸ்டர் அந்தோணிப்பிச்சை,
கத்தரியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"பிள்ளைக்கு அரைஞாண் கட்டுறப்ப
விரல் விடுவோம்ல, அது மாதிரி."

என்ன சொல்கிறார் என்று மஹ்தி கேட்டான்.
எனக்குத் தெரிந்தது அளவெடுக்கும் அரபி:
நீளம், அகலம், நாளைக்கு, நாளை மறுநாள்.
அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.
குழந்தை. இடுப்பு. கறுப்புக் கயிறு.
எங்கள் ஊரில் எல்லாருக்கும்.

"பறந்துவிடாமல் இருக்கவா?"

கேலியாகக் கேட்கவில்லை.
என் மகனுக்கு நான் கட்டியிருக்கிறேன்.
நாற்பத்தொரு வயதில், இதோ, என் சட்டைக்குள்ளும் இருக்கிறது.
ஒரு நாள்கூட யோசித்ததில்லை.
கண்ணேறு என்று சொல்ல வந்து
"ஐன்" என்றேன்.
"ஆ, ஐன்!" என்று நெஞ்சில் கை வைத்தான்.

அதற்குள் வார் இல்லாத பறவை கிளம்பிவிட்டது.
ஏசி படுத்து நாலு நாள்,
தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில்.
மூன்று பேரும் கத்தினோம், அவரவர் மொழியில்.
ஃபேனின் இறக்கைக்கும் அதன் இறக்கைக்கும்
நடுவே ஒரு சாண்.
எப்படியோ தாண்டிக் கதவு வழியே போய்
எதிர்வீட்டு இலந்தையில் உட்கார்ந்தது.
அங்கே ஏற்கெனவே ஏழெட்டு புல்புல்.

ஐந்து மாடி ஏணி ஏறுகிறவன்
மரத்தில் ஏறவில்லை.
நடைபாதையில் சம்மணமிட்டு
வாழைப்பழத்தை உரித்து வைத்து
நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினான்.
அத்தனையும் திரும்பிப் பார்த்தன.
ஒன்றும் இறங்கவில்லை.
மஃரிப் பாங்கு ஒலித்தது.
பாதிப் பழத்தை அவனே தின்றுவிட்டு
"கால்சட்டை சனிக்கிழமை" என்று சொல்லிப் போனான்.

நான் வாரைத் தைத்து முடித்தேன்.
இனி எதுக்கு என்றார் மாஸ்டர்.
நோட்டில் ஏறிவிட்டதே என்றேன்:
மஹ்தி, இடுப்பு முப்பத்தெட்டு.
புல்புல், நாலு, ஒரு நூல் குறை.
முன்பணம் இல்லை.

சனிக்கிழமை காலை
இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்,
மிஷின் மேல் ஏதோ இறங்கியது.
பாபின் டப்பாவைத் தள்ளிவிட்டது.
இறகு அறுந்த தடம். அதுதான்.
மஹ்திக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை; எங்கேயோ தீ.

வார் ஆணியில் தொங்குகிறது,
கையெட்டும் தூரம்.
பறவை இட்லி ஓரத்தைக் கிள்ளிவிட்டு
தலையைச் சாய்த்துப் பார்க்கிறது.
சட்டைக்குள் என் கயிறு
வியர்வையில் ஊறிக் கிடக்கிறது.

எழுந்து போய், சத்தமில்லாமல்,
ஃபேனை நிறுத்தினேன்.
கதவு திறந்தேதான் இருந்தது.